பெயர் சொன்னால் போதுமா? சான்று எங்கே?

கைப்பேசியைப் பூவுக்கு நேராகப் பிடிக்கிறோம். படம் எடுக்கிறோம். இரண்டே விநாடியில் செயலி ஒரு பெயரைக் காட்டுகிறது. "தெரிந்துவிட்டது!" என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறோம்.

உண்மையிலேயே தெரிந்துவிட்டதா? இல்லை என்பதே என் கருத்து. நமக்குக் கிடைத்தது ஒரு பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் சரியா தவறா என்று சோதிக்கத் தெரியாத வரை, அது பக்கத்து மேசை மாணவனைப் பார்த்து எழுதிய விடைக்குச் சமம். விடை சரியாக இருக்கலாம். ஆனால் அது நம் அறிவு ஆகாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சின்னஞ்சிறு நீலப் பூவிடம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செடி, மூன்று பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசியில், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். விடுமுறை நாளில் டெர்பிஷையர் வட்டாரத்தில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குக்கு என்னை அழைத்துச் சென்றாள். ஓடைக்கரையில் ஈர மண்ணில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஐந்து நீல இதழ்கள், நடுவில் மஞ்சள் வளையம்.

"சித்தப்பா, இதுதான் ஃபர்கெட் மீ நாட்" என்றாள்.

தமிழில் 'என்னை மறவாதே' எனலாம். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக 'மறவாதே' என்றே எழுதுகிறேன்.

அவள் செயலியைத் திறந்து படம் எடுத்தாள். 'வன மறவாதே' என்று வந்தது. சற்றுத் தள்ளி நின்று அதே செடியை மீண்டும் எடுத்தாள். இப்போது 'நீர் மறவாதே'. வெயில் படும் பக்கத்திலிருந்து மூன்றாவது படம். 'வயல் மறவாதே'. செடி ஒன்று, பெயர்கள் மூன்று!

அப்போது அந்தப் பக்கமாக ஒரு மூதாட்டி வந்தார். கழுத்தில் கயிறு கட்டிய சிறு லென்ஸ் தொங்கியது. அந்த வட்டாரத்துக் காட்டுச் செடிகளைப் பதிவு செய்யும் தன்னார்வலராம். நாங்கள் மூன்று பெயர்களையும் சொன்னதும் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் லென்ஸை என் கையில் கொடுத்து, "பூவைப் பார்க்காதீர்கள். பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள்" என்றார். அரை மணி நேரம் கழித்து நாங்கள் கண்ட விடை, செயலி சொன்ன மூன்றில் எதுவுமே இல்லை.

முகம் ஏன் ஏமாற்றுகிறது?

மறவாதேச் செடிகளின் பேரினப் பெயர் மையோசோட்டிஸ். கிரேக்க மொழியில் 'எலியின் காது' என்று பொருள். மென்மையான உரோமம் படர்ந்த சிறு இலையைப் பார்த்து வைத்த பெயர். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா, நியூசிலாந்து என்று குளிர்ச்சியான பல நாடுகளில் இவை வளர்கின்றன. பிரிட்டனில் மட்டும் சுமார் ஒன்பது இனங்கள் காடாக வளர்கின்றன.

அவற்றில் பெரும்பாலானவற்றின் முகம் ஒன்றேதான்: நீலம், ஐந்து இதழ், மஞ்சள் வளையம். அந்த மஞ்சள் வளையம் வெறும் அலங்காரம் அன்று. ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் என்ற ஆசிரியர் 1793-ஆம் ஆண்டு பூக்களையும் பூச்சிகளையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீலப் பின்னணியில் பளிச்சென்று தெரியும் இந்த வளையம், தேன் இருக்கும் வாசலைப் பூச்சிக்குக் காட்டும் அடையாளம் என்று அவர் விளக்கினார். வளையம் பூவுக்கு வயதாக ஆக வெளிறி வெண்மையாகிவிடும்.

அதாவது, பூவின் முகம் பூச்சிகளுக்காக வைத்த விளம்பரப் பலகை. ஒரே மாதிரி வாடிக்கையாளரை அழைக்கும் கடைகளின் பலகைகள் ஒரே மாதிரி இருப்பதில் வியப்பில்லை. பலகையைப் படம் எடுத்தால் கடையின் உள்ளே இருப்பது தெரியாது.

நிறமும் கைகொடுக்காது. மறவாதேயின் மொட்டு பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். மலர்ந்தபின் நீலமாகும். செல்லுக்குள் இருக்கும் சாற்றின் அமிலத்தன்மை மாறும்போது ஆந்தோசயனின் நிறமிகளின் நிறமும் மாறுகிறது. நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வகை வேதியியல்தான். ஆகவே ஒரே கிளையில் இளஞ்சிவப்பும் நீலமும் இருந்தால் இரண்டு இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் மைகாட்டில் முகப்படம் இருக்கிறது. ஆனாலும் கைரேகையும் பதிவாகியிருக்கிறது. முகம் ஒத்தவர்கள் உண்டு என்பதால்தானே? மறவாதேச் செடிகளுக்கும் ஒரு கைரேகை உண்டு. அது பூவின் பின்பக்கத்தில் இருக்கிறது.

கைரேகை எங்கே இருக்கிறது?

முதலில், நாம் பார்ப்பது மறவாதேதானா என்று உறுதி செய்ய வேண்டும். ஐரோப்பாவில் வெரோனிக்கா என்ற வேறொரு நீலப் பூவும் இதே இடங்களில் பூக்கும். அதற்கு நான்கு இதழ்கள்தான். இரண்டு மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறவாதேக்கு ஐந்து இதழ்கள். மகரந்தத் தாள்கள் குழாய்க்குள் ஒளிந்திருக்கும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. மறவாதேயின் இளம் பூங்கொத்து நேராக நிற்காது. தேளின் வால்போல் சுருண்டிருக்கும். பூக்கப் பூக்கச் சுருள் நிமிரும். நீர் மறவாதேயின் அறிவியல் பெயரான மையோசோட்டிஸ் ஸ்கார்ப்பியாய்டிஸ் என்பதில் தேள் இருப்பது இதனால்தான். இங்கே நம் முன்னோரையும் நினைக்க வேண்டும். நம் நாட்டில் தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் வளரும் ஒரு செடிக்கு அவர்கள் 'தேள்கொடுக்கு' என்று பெயர் வைத்தார்கள். அதன் பூங்கொத்தும் இப்படியே சுருண்டிருக்கும். அதுவும் மறவாதேயும் உறவினர்கள். இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைப்பவர்கள் உண்டு, தேள்கொடுக்கைத் தனிக் குடும்பமாகப் பிரிப்பவர்களும் உண்டு. எப்படி வைத்தாலும் உறவு நெருங்கிய உறவுதான். ஐரோப்பியரும் தமிழரும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே தேளைக் கண்டிருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை.

இனி கைரேகைக்கு வருவோம். பூவின் அடியில் பச்சை நிறக் கிண்ணம்போல் இருப்பது புல்லி வட்டம். பாடநூலில் 'செப்பல்' என்று படிக்கிறீர்களே, அவை ஒன்றுசேர்ந்து அமைந்த கிண்ணம் இது. இதன் மேல் நுண்ணிய முடிகள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும்.

ஒன்று, முடிகள் எல்லாம் நேராக, எண்ணெய் வைத்து வாரிய தலைபோல் புல்லி வட்டத்தோடு படிந்திருக்கும். அப்படியானால் அது ஈர நிலத்து மறவாதே.

மற்றொன்று, முடிகள் வெளியே விரிந்து நிற்கும். பல முடிகளின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். பள்ளிப் பையில் 'கர்ரக்' என்று பிரியும் வெல்க்ரோ பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அது உலர் நிலத்து மறவாதே. இந்தக் கொக்கிக்கு வேலையும் உண்டு. வயல் மறவாதேயின் காய்த்த புல்லி வட்டம் விலங்கின் உரோமத்திலும் நடப்பவரின் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும்.

இந்த ஒரே கேள்வியில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எங்கள் ஓடைக்கரைச் செடியின் முடிகள் படிந்திருந்தன. ஆகவே வன மறவாதேயும் வயல் மறவாதேயும் அந்த நொடியிலேயே போட்டியிலிருந்து விலகின. செயலி சொன்ன மூன்று பெயர்களில் இரண்டு போயின!

அடுத்த கேள்வி: புல்லி வட்டத்தின் விளிம்பில் இருக்கும் பற்கள் எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கின்றன? நீர் மறவாதேக்கு வெட்டு மேலோட்டமானது. புல்லி வட்டத்தின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பூவும் பெரியது, 8 மில்லிமீட்டர் வரை அகலம் வரும். எங்கள் செடிக்கோ வெட்டு பாதி வரை இறங்கியிருந்தது. பூ 4 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. மூன்றாவது பெயரும் போயிற்று.

இப்போது மிஞ்சியவை முக்கியமாக இரண்டு: கொத்து மறவாதே, படர் மறவாதே. இவற்றைப் பிரிக்கத் தண்டின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். படர் மறவாதேயின் அடித்தண்டில் முடிகள் விரிந்து நிற்கும். அது அமிலத்தன்மை மிக்க சதுப்பு மண்ணை விரும்பும். கொத்து மறவாதேயில் அடிமுதல் நுனிவரை முடிகள் படிந்தே இருக்கும். நாங்கள் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தோம். படிந்துதான் இருந்தன.

ஆக, கொத்து மறவாதே. அறிவியல் பெயர் மையோசோட்டிஸ் லாக்சா. இம்முறை "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் எங்களிடம் மூன்று பதில்கள் இருந்தன.

திரும்பும் வழியில் மற்றவற்றையும் பார்த்தோம். இப்போது எங்களுக்குக் கண் திறந்திருந்தது. மர நிழலில் வன மறவாதே: தட்டையான பெரிய பூ, 6 முதல் 10 மில்லிமீட்டர். வயல் ஓரத்தில் வயல் மறவாதே: 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, சிறு கிண்ணம்போல் குழிந்த பூ. அளவு சந்தேகமாக இருந்தால் நீல இதழ்ப்பகுதியை மெல்ல உருவிவிட்டு உள்ளே இருக்கும் சூல்தண்டைப் பார்க்க வேண்டும். மலாயில் 'ஸ்டில்' என்று படிப்பது இதைத்தான். வன மறவாதேயில் அது புல்லி வட்டக் குழாயைவிட நீண்டிருக்கும், வயல் மறவாதேயில் குட்டையாக இருக்கும். வறண்ட பாறைச் சரிவில் 2, 3 மில்லிமீட்டர் பூவோடு முந்து மறவாதே நின்றது. மற்றவற்றுக்கு முன்பே பூத்து முடித்துவிடும் குள்ளச் செடி அது. நிறம்மாறி மறவாதே என்று இன்னொன்றும் உண்டு. அதன் பூ வெளிர் மஞ்சளாக மலர்ந்து, பிறகு நீலமாக மாறும்.

படிவம் இரண்டு அறிவியல் பாடத்தில் 'கெகுஞ்சி டிக்கோதோமி' படிக்கிறோமே, அது இதுதான். ஒவ்வோர் இடத்திலும் இரண்டே வழிகள். சான்றைப் பார், ஒரு வழியைத் தேர்ந்தெடு, அடுத்த கேள்விக்குப் போ. தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். உலகமெங்கும் தாவரவியலாளர்கள் அன்றாடம் கையில் வைத்திருக்கும் கருவி அது.

லின்னேயஸ் கூடச் சேர்த்துத்தான் வைத்தார்

"இவ்வளவு சிரமமா? எனக்கு வராது" என்று நினைக்கும் மாணவருக்கு ஒரு செய்தி. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸ், 1753-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற தாவர நூலில் வயல் மறவாதேயையும் நீர் மறவாதேயையும் ஒரே இனமாகத்தான் எழுதினார். இரண்டும் ஓர் இனத்தின் இரு வகைகள் என்பது அவர் கணிப்பு. ஆங்கிலேயரான ஜான் ஹில் 1764-இல் வயல் மறவாதேயைத் தனி இனமாகப் பிரித்தார்.

லின்னேயஸுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம். உலகத் தாவரங்கள் அனைத்தையும் ஒரே நூலில் அடுக்க முயன்றவர் அவர். ஆனால் அவர் தாம் கண்ட வேறுபாடுகளை எழுதி வைத்தார். அதனால்தான் பின்வந்தவர்கள் அவரைத் திருத்த முடிந்தது. தவறு செய்வது அறிவியலில் குற்றம் இல்லை. சான்றை எழுதாமல் வெறும் பெயரை மட்டும் விட்டுச்செல்வதுதான் குற்றம். ஏனென்றால் அந்தத் தவறை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, திருத்தவும் முடியாது.

பிழையான பெயரால் என்ன நட்டம்?

"ஒரு நீலப் பூவின் பெயர் மாறினால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பிரிட்டனில் மலை மறவாதே என்று ஓர் அரிய இனம் உண்டு. ஸ்காட்லாந்தின் பென் லாயர்ஸ் மலைகளிலும் வட இங்கிலாந்தின் மேல் டீஸ்டேல் பகுதியிலும்தான் அது வளர்கிறது. அதன் அறிவியல் பெயர் மையோசோட்டிஸ் அல்பெஸ்ட்ரிஸ். ஆனால் தோட்டக் கடைகளில் விற்கும் சாதாரண மறவாதே விதைப் பொட்டலங்களிலும் பல நேரம் இதே பெயரை அச்சிடுகிறார்கள். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் வன மறவாதேயிலிருந்து வளர்த்தெடுத்த தோட்ட வகைகள். பொட்டலத்தை நம்பி ஒருவர், "எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் மலை மறவாதே பூத்திருக்கிறது" என்று பதிவு செய்தால் என்ன ஆகும்? அரிதான ஒரு செடி எங்கும் பரவிக் கிடப்பதாக வரைபடம் பொய் சொல்லும். எதைக் காப்பாற்ற வேண்டும், எங்கே காப்பாற்ற வேண்டும் என்ற முடிவுகள் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன.

தோட்டத்திலிருந்து தப்பி வெளியே முளைத்த வன மறவாதேக்கும், காட்டில் காலங்காலமாக வாழும் வன மறவாதேக்கும் இதே குழப்பம் உண்டு. பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் கழகம் 2023-இல் வெளியிட்ட தாவர வரைபடத் தொகுப்பு, அங்கே இயற்கையில் வளரும் இனங்களில் வெளியிலிருந்து வந்தவை இப்போது பூர்வீக இனங்களைவிட அதிகம் என்று காட்டியது. அந்தத் தொகுப்புக்காக ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகள் நடந்து பதிவு செய்தார்கள். எங்களுக்கு லென்ஸ் கொடுத்த மூதாட்டியைப் போன்றவர்கள்தான். அந்தப் பதிவுகளுக்கு மதிப்பு வந்ததே, "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்வியை அவர்கள் தங்களையும் பிறரையும் கேட்டதால்தான்.

செயலியே வேண்டாமா?

வேண்டும். நான் செயலிக்கு எதிரி அல்லன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், தெரியாத பூவைக் கண்ட மாணவர் ஒரு தடித்த நூலை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். இன்று செயலி இரண்டு விநாடியில் 'இது மறவாதேப் பேரினம்' என்ற வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறது. அந்த உதவி சிறியதன்று. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் நேர்மையாகவே நடந்துகொள்கின்றன. 'இந்தப் பேரினம் என்பது ஏறத்தாழ உறுதி' என்று முதலில் சொல்லி, அதன்கீழ் இனங்களின் பட்டியலைப் பரிந்துரையாகத்தான் காட்டும். நாம்தான் அவசரப்பட்டு பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டிவிடுகிறோம். அங்கே குற்றம் செயலியுடையதா, நம்முடையதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். செயலி தானாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மனிதர்கள் பெயரிட்ட இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. நாம் தவறான பெயரைப் பதிவேற்றினால், அதைப் பிறர் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டால், நாளை அது அதே தவறைக் கற்று நமக்கே திருப்பிச் சொல்லும். அப்போது நாம், "பார், செயலியே சொல்கிறது" என்போம். செயலிக்கு ஆசிரியர்கள் நாம்தான். ஆசிரியருக்குப் பாடம் தெரிய வேண்டாமா?

அதனால் என் வாதம் இதுதான்: செயலி காட்டும் பெயர் ஆராய்ச்சியின் தொடக்கம். அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் வந்ததும் நாம் கேட்க வேண்டியது, "இந்த இனம் என்றால் அதற்கு என்ன அடையாளம் இருக்க வேண்டும்? இந்தச் செடியில் அது இருக்கிறதா?"

சில வேளைகளில் விடை கிடைக்காது. காய் இன்னும் வந்திருக்காது, அடித்தண்டு நீருக்குள் இருக்கும், முடி மழையில் ஒட்டியிருக்கும். அப்போது "மறவாதேப் பேரினம், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே சரியான பதிவு. 'தெரியவில்லை' என்பது தோல்வி என்று நமக்குப் பள்ளியிலிருந்தே பழக்கிவிட்டார்கள். கேள்வித்தாளில் காலியிடம் விட்டால் மதிப்பெண் போய்விடும் அல்லவா? வெளியே, புல்வெளியில், தெரியாததைத் தெரியாது என்று எழுதுபவரின் பதிவையே மற்றவர்கள் நம்புவார்கள்.

நம் வீட்டு வாசலில்

"மறவாதே இங்கிலாந்தில் பூக்கிறது. நான் கிள்ளானில் இருக்கிறேன்" என்கிறீர்களா? உங்களுக்கும் ஒரு புதிர் காத்திருக்கிறது.

செண்டுடுக் செடியைத் தெரியாதவர் நம்மிடையே குறைவு. தோட்டப் புறங்களிலும் இரயில் பாதை ஓரத்திலும் ஊதாப் பூக்களோடு நிற்கும். அதன் பேரினப் பெயர் மெலஸ்டோமா. கிரேக்கத்தில் 'கறுத்த வாய்' என்று பொருள். பழத்தைத் தின்ற பிள்ளைகளின் நாக்கைப் பார்த்தால் காரணம் புரியும். இது நம் மண்ணின் செடி.

இதன் உறவுச் செடி ஒன்று மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளுக்குள் பரவிவிட்டது. நெடுங்காலம் கிளிடெமியா ஹிர்ட்டா என்று அழைக்கப்பட்ட செடி அது. காட்டின் நிழலிலும் வளர்ந்து, பிற நாற்றுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்கிரமிப்புச் செடி. பூத்திருந்தால் கவலையில்லை. செண்டுடுக்குக்குப் பெரிய ஊதாப் பூ, இதற்குச் சிறிய வெள்ளைப் பூ. பூ இல்லாத நாளில்? இரண்டின் இலைகளிலும் நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை வளைந்து ஓடும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும்? நீங்களே இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். தண்டைப் பாருங்கள். கிளிடெமியாவின் இளந்தண்டில் நீண்ட முடிகள் சிலிர்த்து விரிந்து நிற்கும். செண்டுடுக்கின் தண்டில் குட்டையான செதில்கள் படிந்திருக்கும். விரிந்தா, படிந்தா? டெர்பிஷையர் ஓடைக்கரையில் கேட்ட அதே கேள்வி. இங்கே தவறு செய்தால், களையெடுக்கும் நாளில் நம் மண்ணின் செடியைப் பிடுங்கிவிட்டு, ஆக்கிரமிப்புச் செடியைக் காப்பாற்றி வைப்போம்.

பள்ளிகளுக்கும் மாணவர்களுக்கும்

அறிவியல் கழகம் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த கருவிகள் வாங்குவதற்கு முன், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ்கள் சிலவற்றை வாங்குங்கள். கெகுஞ்சி டிக்கோதோமியைப் பாடநூல் படத்தில் இருக்கும் பூச்சிகளை வைத்து மட்டும் நடத்தாமல், பள்ளித் திடலின் வேலியோரம் இருக்கும் களைகளை வைத்து மாணவர்களையே ஒன்று எழுதச் சொல்லுங்கள். ஐந்தே செடிகள் போதும். எந்தக் கேள்வி இரண்டு செடிகளைத் தெளிவாகப் பிரிக்கிறது, எது குழப்புகிறது என்பதை எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு பழக்கம். இனி ஒரு செடியைப் படம் எடுத்தால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள், நான்கு எடுங்கள். முதலாவது, செடி முழுவதும் அது நிற்கும் இடமும். இரண்டாவது, பூவின் முகம், பக்கத்தில் அடிக்கோல் வைத்து. மூன்றாவது, பூவின் பின்பக்கம். நான்காவது, தண்டின் அடிப்பகுதி. வேரோடு பிடுங்க வேண்டாம். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் ஊரிலும் பார்த்துவிட்டு விட்டுவருவதே நல்ல பழக்கம். பிறகு குறிப்பேட்டில் பெயரை எழுதி, அதன்கீழ் ஒரு வரி சேருங்கள்: 'இதை வைத்துச் சொல்கிறேன்'. அந்த வரியை நிரப்ப முடியவில்லை என்றால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

அண்ணன் மகள் இப்போது வேலைக்குப் போய்விட்டாள். படித்தது கணக்கியல், செடிகளுக்கும் அவள் வேலைக்கும் தொடர்பில்லை. ஆனால் சென்ற மாதம் குடும்பப் புலனக் குழுவில் யாரோ ஒரு மருத்துவச் செய்தியைப் பகிர்ந்தபோது, முதலில் வந்த பதில் அவளுடையதுதான்: "எதை வைத்துச் சொல்கிறார்கள், சித்தப்பா?"